கண்ணீருக்குப் புள்ளி கொடுக்காதீர்கள்: ரோல்பிளே விளையாட்டு எழுதும் வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கச்சிமாருக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் விளையாட்டை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். கிளிநொச்சியில் நீங்கள் அதை ஆடிப் பார்த்தபோது நானும் ஒரு பாத்திரம் எடுத்து உங்களோடு ஆடினேன். இப்போது அச்சுக்குக் கொடுக்க வெளிக்கிட்டு நிற்கிறீர்கள். அச்சில் வந்த பிறகு அதை ஆடப்போவது உங்கள் கூட்டாளிகள் மட்டும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுவார்கள், வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் ஆடுவார்கள். அதனால்தான் இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

இந்த வகை விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று வெளியிட்ட விளையாட்டோடு பரவியது இது. மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்தும் கேம் மாஸ்டர், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பேசிப் பேசியே கதை நகரும். ஒரு காரியம் பலிக்குமா என்று தெரியாத இடத்தில் பகடை உருட்டுவார்கள்.

உங்கள் கதைக்களம் எனக்கு மிகவும் பிடித்தது. இரணைமடுக் குளத்துக்கு மேலே வேற்றுலகத்தாரின் கப்பல் ஒன்று வந்து நிற்கிறது. அதில் இருப்பவர்களுக்குப் பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. மனிதர் ஆடுவதைப் பார்க்க அவர்களுக்கு ஆசை. ஆடிக் காட்டும் குழுவுக்கு அரிசி, டீசல், மருந்து. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் உடுப்பும் மத்தளமும் ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளத்துக்கும் அங்கிருந்து மல்லாவிக்கும் போகும் அந்த ஆட்டக்குழுவை நான் கண்ணால் கண்டதுபோல இருந்தது. இப்படி ஒரு கதை எங்கள் மண்ணில் வைத்துத் தமிழில் எழுதப்பட்டிருப்பது எனக்குப் பெரிய சந்தோசம்.

மூன்றாம் அத்தியாயம்தான் என்னைத் தூங்க விடவில்லை. அதில் 'கண்ணீர்ப் புள்ளி' என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள். ஒரு பாத்திரம் தன் வாழ்க்கையில் உண்மையாகவே பட்ட துயரத்தைக் களரியில், அதாவது ஆடுகளத்தில், சொல்லி அழுதால், கப்பல்காரர் மகிழ்ந்து ஐந்து புள்ளி வரை கொடுப்பார்கள். இருபது பக்கப் பகடையில் விழும் எண்ணோடு கூட்டும் ஒரு புள்ளி என்பது நூற்றுக்கு 5. ஐந்து புள்ளி கூடினால் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 25 கூடுகிறது. இந்தக் கணக்கு என்ன செய்யும் என்று யோசித்தீர்களா? நன்றாகப் பாடுகிறவரும் தாளம் பிசகாமல் ஆடுகிறவரும் பின்னுக்குப் போவார்கள். இழப்பை அதிகம் சொல்கிறவர் முன்னுக்கு வருவார். சொல்ல விரும்பாதவரின் குழு பட்டினி கிடக்கும். நாங்கள் ஆடிய அன்று நடந்ததும் அதுதான். இரண்டாவது மணித்தியாலத்தில் ஒருவரும் பாட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. யாருடைய கதை கூடக் கனமானது என்றுதான் போட்டி.

இந்த மண்ணில் அது வெறும் விளையாட்டு விதி ஆகாது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு வந்தது. 2013இல் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. 2016இல் சட்டமாகி 2018இல் வேலை தொடங்கியது காணாமல் போனோர் அலுவலகம். ஒவ்வொரு முறையும் தாய்மார் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அதே கதையை முதலில் இருந்து சொன்னார்கள். இடையில் செய்தியாளர்கள், ஆய்வாளர்கள், தொண்டு நிறுவனத்தார். கேட்டவர்களில் நல்ல மனத்தோடு வந்தவர்கள் பலர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் கேட்டு முடிந்ததும் அவர்கள் வாகனம் ஏறிப் போனார்கள், சொன்னவர்கள் இங்கேயே இருந்தார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் அந்தத் தாய்மார் போராட்டத்துக்கு இருந்தபோது, எங்கே இருப்பது, என்ன கேட்பது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். அந்த முடிவெடுக்கும் உரிமையைத்தான் உங்கள் மூன்றாம் அத்தியாயம் பறிக்கிறது.

மனிதரை மனிதரே வேற்றுலகத்தாராய் இருந்து பார்த்த காலமும் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரி 1880களில் இலங்கையில் இருந்து யானைகளோடு ஆட்களையும் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார். வேலி போட்ட இடத்துக்குள் அவர்கள் ஆடினார்கள், பாடினார்கள், அன்றாட வாழ்க்கையையே நடித்துக் காட்டினார்கள். சீட்டு வாங்கியவர்கள் வெளியே நின்று பார்த்தார்கள். உங்கள் கப்பலின் மண்டபத்தை எழுதும்போது இந்த வரலாறும் உங்கள் மேசையில் இருக்கட்டும்.

எங்கள் கூத்துக்கு வருகிறேன். நான் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவள், இதில் கொஞ்சம் நீளமாகச் சொல்ல விடுங்கள். கண்ணகி வழிபாடு ஊறிய முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடுகிறார்கள். கோவலன் வெட்டுப்பட்ட சேதி கேட்டுக் கண்ணகி புலம்பும்போது சனம் அழும். ஆனால் அங்கே தனியாக ஒருவர் அழுவதில்லை. ஆடுகிறவர் ஒரு வரியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார். மத்தளம் கூடவே போகும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருவருக்கு மூச்சு முட்டினால் பாட்டு அறுந்து போகாது, மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். கண்ணகியாக ஆடுகிறவரின் வீட்டில் என்ன நடந்தது என்று களரியில் ஒருவரும் கேட்பதில்லை. அவருக்குத் துயரம் இருக்கலாம், அதைக் கண்ணகியின் பாட்டுக்குள் வைத்து ஆற்றிக்கொள்ளவும் செய்யலாம். அது அவருக்கு மட்டும் தெரிந்த விசயம்.

காத்தவராயன் கூத்தில் இன்னும் ஒரு அழகு இருக்கிறது. காத்தான் ஒருவர்தான், ஆடுகிறவர்கள் பலர். பாலகாத்தானாக ஒருவர் வருவார், பிறகு வேறொருவர், கழுமரம் ஏறுகிற காத்தான் இன்னொருவர். நேர்த்தி வைத்து அந்த வேடத்தை எடுக்கிறவர்களும் உண்டு. விடிய விடிய நடக்கும் கதையின் பாரம் ஒரு தோளில் விழாமல் கைமாறிக்கொண்டே போகிறது. ஒரே பாத்திரத்தைப் பலர் முறைவைத்து எடுக்கும் விதியை உங்கள் விளையாட்டில் வைத்துப் பாருங்கள். அப்படி ஒரு விதி உங்கள் ஆட்டத்தை வேறு எந்த ஊர் ஆட்டத்திலும் இருந்து பிரித்துக் காட்டும்.

புதிய பார்வையாளருக்காக ஆடுவதே பிழை என்று நான் சொல்லவரவில்லை. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை வட்டக்களரியில் இருந்து ஒருபக்க மேடைக்கு எடுத்தார், விடிய விடிய ஆடியதைச் சில மணித்தியாலத்துக்குச் சுருக்கினார். இழந்தது என்ன, கிடைத்தது என்ன என்று இன்றும் விவாதிக்கிறோம். அங்கே எதை வெட்டுவது, எதை வைப்பது என்று தீர்மானித்தவர்கள் கூத்தை நேசித்தவர்களும் ஆடியவர்களும். உங்கள் கதையில் அந்தத் தீர்மானம் முழுக்கக் கப்பலிடம் இருக்கிறது. அதை ஆட்டக்குழுவிடம் கொடுங்கள்.

எப்படி என்றால், வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. உலகத்தில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் பலர் எக்ஸ் எழுதிய ஒரு அட்டையை மேசை நடுவில் வைக்கிறார்கள். ஒரு காட்சி யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அட்டையைத் தொட்டால் போதும். காட்சி விலக்கப்படும், காரணம் கேட்கப்படாது. உங்கள் பிரதியின் கடைசியில் அதைப் பற்றி இரண்டு வரி போட்டிருக்கிறீர்கள். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அதோடு நிற்காமல், கதைக்குள்ளும் ஒரு அட்டை வையுங்கள். கப்பல்காரர் "உன் கதையைச் சொல்" என்று கேட்கும்போது, "சொல்லமாட்டேன், பாடுகிறேன்" என்று பாத்திரம் மறுக்கலாம். மறுத்ததற்காக அரிசி குறையக்கூடாது. புள்ளியைப் பாட்டுக்கும் தாளத்துக்கும், பிற்பாட்டில் ஒருவரை ஒருவர் தாங்குவதற்கும் கொடுங்கள். கப்பல்காரரும் சும்மா பார்த்துவிட்டுப் போகக்கூடாது. ஊர்க்கூத்தில் பார்க்க வந்தவர் உதவாமல் இருந்ததுண்டா? பந்தலுக்குத் தடி வெட்டுவார், உடுப்புக்குக் காசு கொடுப்பார், அடுத்த வருசம் தன் பிள்ளையை ஆட அனுப்புவார். உங்கள் வேற்றுலகத்தாரும் தாங்கள் இழந்த ஒன்றைக் கொண்டுவந்து களரியில் வைத்தால்தான் அடுத்த காட்சி தொடங்கும் என்று எழுதுங்கள்.

அதற்கு அச்சுவேலையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட வேண்டி வரும். தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். காத்தான் கூத்தில் வேடம் எப்படிக் கைமாறுகிறது என்று கேட்டு எழுத விரும்பினால், இன்னும் ஆடுகிற அண்ணாவிமாரிடம் உங்களைக் கூட்டிப்போக நான் ஆயத்தம். மாற்றி எழுதிய விதிகளை ஆடிப் பார்க்கவும் கூப்பிடுங்கள், முல்லைத்தீவில் இருந்து பஸ் ஏறி வருகிறேன்.

அன்புடன்,
நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியை,
முல்லைத்தீவு.