டயாலிசிஸைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை, சிறுநீரகத்துக்குப் பதிலாக மெஷின் என் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டே படித்தேன். இடது கையில் ஊசி இருந்ததால் வலது கையால்தான் பக்கம் புரட்ட முடிந்தது. சிறுநீரகம் தானமாகக் கிடைத்தவரின் மகிழ்ச்சியைப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்த மகிழ்ச்சியைத் தூக்கிக் காட்டுவதற்காக, அதற்கு முன் அவர் டயாலிசிஸில் இருந்த காலத்தை நரகம் போல எழுதியிருந்தது மனதை உறுத்தியது. இப்படிப்பட்ட எழுத்தைப் படித்துப் பயந்துதான் நான் ஆறு மாதத்தை வீணடித்தேன். அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு என் ரத்தத்தில் ஏறிக்கொண்டே வந்தது. சிறுநீரகத்தின் வேலைத்திறன் 15 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். "இப்போதே டயாலிசிஸ் தேவையில்லை. கையில் ஃபிஸ்டுலா மட்டும் போட்டு வைத்துக்கொள்வோம், அது தயாராக நாள் எடுக்கும்" என்றார். பின்னாளில் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையின் ரத்தக்குழாயைத் தயார் செய்யும் சிறிய அறுவை சிகிச்சை அது. எனக்குக் காதில் விழுந்தது டயாலிசிஸ் என்ற ஒரு சொல்தான். வீட்டில் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒருமுறை மெஷினில் போட்டால் பிறகு விடவே முடியாது என்று தெரிந்தவர்களும் பயமுறுத்தினார்கள். மெஷின் யாரையும் பழக்கப்படுத்திவிடுவதில்லை. சிறுநீரகம் திரும்ப வேலை செய்யாததால்தான் அது தொடர்கிறது. திடீர்ப் பாதிப்பால் சிறுநீரகம் நின்றுபோய் வந்த சிலர், அது தேறியதும் டயாலிசிஸை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனதை அடுத்த கட்டிலிலிருந்து நானே பார்த்திருக்கிறேன்.

காலையில் எழுந்ததும் குமட்டல். உடம்பெல்லாம் அரிப்பு. வாயில் எப்போதும் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. கடைசி நான்கு இரவுகள் படுக்கவே முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைத்தேன். நுரையீரலில் நீர் கோத்த நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஃபிஸ்டுலா இல்லாததால் கழுத்தில் குழாய் செருகித்தான் முதல் டயாலிசிஸ் நடந்தது. அந்தக் குழாயோடு வாரக்கணக்கில் இருந்தேன். தலைக்குக் குளிக்க முடியாது. அதன் வழியாகக் கிருமி புகுந்து, ஒரு நாள் உடம்பு தூக்கிப்போடும் அளவுக்குக் குளிர் ஜுரம் வந்தது. டாக்டர் சொன்ன அன்றே கையை நீட்டியிருந்தால் இதில் பாதி எனக்கு நேர்ந்திருக்காது.

ஃபிஸ்டுலா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கையில் ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். தமனியின் ரத்தம் வேகமாகப் பாயப் பாய, சிரை தடித்து, ஊசி தாங்கும் பலம் பெறுகிறது. அதற்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். நான் தினமும் கண் விழித்ததும் முதலில் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பேன். உள்ளே விர்ரென்று ஓர் அதிர்வு இருக்கும். காதருகே கொண்டுபோனால் ஓடையின் இரைச்சல் போலக் கேட்கும். அது கேட்டால் அன்றைக்கு நிம்மதி. கேட்காவிட்டால் அடைத்துக்கொண்டது என்று பொருள், உடனே ஓட வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. எங்கே போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுவேன்.

டயாலிசிஸ் சுகமானது என்று நான் சொல்ல வரவில்லை. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வாரத்தின் 168 மணி நேரமும் ஓயாமல் நடக்க வேண்டிய வேலையை 12 மணி நேரத்தில் அடக்கப் பார்க்கிறது மெஷின். முழுவதும் எப்படி முடியும்? அதனால்தான் மிச்சத்தை நாம் கட்டுப்பாட்டில் சமாளிக்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தண்ணீர்தான் பெரிய போராட்டம். முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். காலையில் அதை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவேன். மாத்திரை விழுங்குவதும் அதிலிருந்துதான். "ஒரு வாய் குடித்தால் என்ன ஆகிவிடும்?" என்று அன்போடு நீட்டுகிறவர்களிடம் மறுப்பது, தாகத்தை அடக்குவதைவிடக் கஷ்டம். கூடுதலாகக் குடித்த ஒவ்வொரு லிட்டரும் எடைக் கருவியில் ஒரு கிலோவாக நிற்கும். அதை நான்கு மணி நேரத்தில் இழுத்து எடுக்கும்போது ரத்த அழுத்தம் சரியும், கெண்டைக்காலில் குரக்களி பிடித்துக்கொண்டு உயிர் போகும். உப்பைக் குறைத்த பிறகு தாகமே குறைந்தது. முதல் வருடம் இது எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் இந்த மெஷினை யாராவது பழித்தால் எனக்குப் பொறுக்காது. 1943-இல் நெதர்லாந்தில் டாக்டர் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை முதன்முதலில் நோயாளிகளிடம் பயன்படுத்தினார். தொடக்கத்தில் வந்தவர்கள் அநேகமாக எல்லோருமே இறந்துபோனார்கள். 1945-இல்தான் 67 வயதுப் பெண்மணி ஒருவர் மயக்கம் தெளிந்து பிழைத்தார். 1960-இல் டாக்டர் ஸ்க்ரிப்னர் கையில் நிரந்தரமாகப் பொருத்தும் குழாயைக் கண்டுபிடிக்கும் வரை, என்னைப் போல சிறுநீரகம் ஒரேயடியாக நின்றுபோனவர்களுக்குத் தொடர்ந்து டயாலிசிஸ் செய்ய வழியே இல்லை. அதன் பிறகும் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், இருந்த சில மெஷின்களை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு குழுவே உட்கார வேண்டியிருந்தது. நான் படுக்கும் கட்டிலுக்காக அன்றைக்கு எத்தனை பேர் ஏங்கியிருப்பார்கள்!

மாற்றுச் சிறுநீரகம் இதைவிட நல்ல வாழ்வைத் தரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காகத்தான் நானும் மூன்று ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன். போன வருடம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. போனேன். தானம் தருபவரின் அணுக்களோடு என் ரத்தத்தைச் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், கிராஸ்மேட்ச் என்பார்கள், பொருந்தவில்லை என்று வந்தது. பிரசவமும் முன்பு ஏற்றிய ரத்தமும் என் உடம்பில், பிறர் உறுப்பைத் தாக்கக்கூடிய எதிர்ப்பொருள்களை உண்டாக்கியிருந்தன. சிறுநீரகம் வேறொருவருக்குப் போயிற்று. விடியற்காலை வீடு திரும்பும்போது, அதே இரவில் தங்கள் வீட்டுப் பிள்ளையையோ தாயையோ பறிகொடுத்து, அந்த நிலையிலும் சம்மதம் சொன்ன அந்தக் குடும்பத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வழக்கம் போல மெஷினுக்குப் போனேன். அது இருப்பதால்தான் அடுத்த அழைப்புக்கும் நான் இருப்பேன். கிருமித் தொற்றோடும் நுரையீரலில் நீரோடும் கிடப்பவரை அறுவை சிகிச்சை மேசையில் ஏற்ற மாட்டார்கள்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, ஃபிஸ்டுலா போட்டுக்கொள்ளப் பயந்து தள்ளிப்போடும் ஒருவர் அதைப் படிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். கட்டுரையாளர் விரும்பினால் டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரமும் என் பக்கத்தில் வந்து உட்காரலாம். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி