நீ கடலுக்கு இறங்க முன்னம்

வல்வெட்டித்துறை,
பங்குனி 22.

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இஞ்ச எல்லாரும் சுகம். உன்ர சுகத்துக்கு சன்னதியானை வேண்டிக்கொண்டிருக்கிறன்.

நீ கதைச்சு ரெண்டு கிழமையாச்சு. வாட்சப்பில நான் அனுப்புறதை வாசிக்கிறாய் எண்டு நீலக் குறி காட்டுது, பதில் மட்டும் இல்லை. கோவம் எண்டு தெரியும். அதுதான் கையால எழுதுறன். நானே படம் பிடிச்சு அனுப்புவன், தம்பியைக் கேக்க விருப்பமில்லை.

நீ பாய்ப்படகு ஓட்டப் பழகக் கடலுக்குப் போறாய், அதுக்கு முன்னம் சிலது சொல்லவேணும். முதல்ல லைஃப் ஜாக்கெட். மேல்தட்டுக்கு ஏற முன்னமே போட்டிடு, ஏறின பிறகு இல்லை. காலிடுக்கால வாற பட்டியைக் கட்டாயம் பூட்டு. நீ ஏரியில எடுத்து அனுப்பின படத்தில அந்தப் பட்டி பின்னால சும்மா தொங்குது, பெருப்பிச்சுப் பாத்தனான். அது பூட்டாட்டி தண்ணியில ஜாக்கெட் காதுக்கு மேல ஏறும், நீ கீழ போவாய். இரவில ஜாக்கெட்டுக் கொக்கியைக் கயித்தில மாட்டாமல் ஒரு அடி எடுத்து வைக்காத. அப்பு ஒருநாளும் ஜாக்கெட் போட்டதில்லை எண்டு சொல்லுவாய். அப்புவுக்கு அதை வாங்க வழியில்லை, பிள்ளை. இருந்திருந்தால் போட்டிருப்பார்.

ஊர்ப் புதினம் பெரிசா ஒண்டுமில்லை. பெரியம்மாவின்ர கண் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சுது. சித்திரைப் பறுவத்துக்கு அம்மன் கோயில் தீர்த்தம், இந்திர விழாவுக்கு இப்பவே பந்தலுக்குக் காசு சேக்கினம். நீ அப்ப கடலில நிப்பாய்.

காத்தைப் பற்றிச் சொல்லவேணும். உங்கட வாத்தியார் சிரோக்கோ எண்டு சொல்லுற காத்தைப் பற்றித் தேடி வாசிச்சன். ஆபிரிக்காப் பக்கத்தால, தென்கிழக்கால வரும், சூடும் மணலும் கொண்டுவரும் எண்டு கிடந்தது. தெற்குக் காத்து எண்டவுடன எங்கட சோழகம் மாதிரி எண்டு நினைச்சிடாத. எங்களுக்கு சோழகம் தரையால வாறது, எங்கட கரையில கடல் படுத்திருக்கும். உங்களுக்கு அது திறந்த கடலால வந்து கரையில மோதுற காத்து. அதை எங்கட வாடையோடதான் சேத்து வைக்கவேணும். மத்தியதரைக் கடல் குளம் மாதிரி எண்டு நீ சிரிச்சனி. வத்துப்பெருக்குக் குறைவெண்டால் குளமாகிடாது. அங்க அலை கட்டையா, கிட்டக் கிட்ட, நெட்டுக்குத்தா எழும்புமாம். அப்பு சொல்லுறது: பாயைக் குறைப்பமோ எண்டு மனதில ஒருக்கா வந்தால் அப்பவே குறைக்கவேணும். வாத்தியாரின்ர வாயைப் பாத்துக்கொண்டு நிக்காத. பயமெண்டால் பயமெண்டு சொல்லு.

அண்டைக்கு ரெலிபோனில நான் கேட்டது பிழை. பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்த வேலை எண்டு கேட்டனான். நீ ஒண்டும் சொல்லாமல் வைச்சாய். நான் அப்பிடி நினைக்கிற ஆள் இல்லை, குஞ்சு. இந்த ஊரில கட்டின அன்னபூரணி அம்மாள் எண்ட பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவில குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேந்தது. சூயஸால இறங்கி, நீ இப்ப போற அதே கடலைத் தாண்டித்தான் எங்கட ஊர் ஆம்பிளையள் அதைக் கொண்டு போனவை. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் உன்னையும் தம்பியையும் நித்திரையாக்கினனான். நீ சுக்கான் பிடிச்சு நிக்கிற படத்தை முன் அறையில மாட்டியிருக்கிறன். வாற சனத்துக்கெல்லாம் காட்டுறன். 300 கடல்மைல் ஓடிக் கணக்குக் காட்டினால்தான் பரீட்சை எண்டு சொன்னாய் எல்லோ, அதையும் மனப்பாடமாச் சொல்லுறன்.

ஆனால் நீ ஒரு வருசமாப் படிச்சும் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை. எல்லாம் முடிவாக்கிப்போட்டு வரைபடத்தை அனுப்பினாய். அது எனக்கு மனவருத்தம்தான்.

அந்த வரைபடம். சிசிலித்தீவில கத்தானியாவில ஏறி, சிராக்கூசா, மார்ட்சமேமி, மூண்டாம் இரவு போர்ட்டோபாலோவில கட்டுறது. நாலாம் நாள் முனையைச் சுத்தி மேற்கால போய், பிறகு ஒரு முழு இரவு ஓடித் திரும்புறது. நீ சிவப்புக் கோடு கீறி, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நங்கூரம் போட்டு வடிவா அனுப்பியிருந்தாய். நான் போர்ட்டோபாலோ எண்ட பெயரை வாசிச்சுப்போட்டு அடுப்பில கிடந்ததை மறந்திட்டன். அடுத்த நிமிசம் நீ எடுத்தாய். என்ன சொல்லுறதெண்டு தெரியாமல் பொம்பிளைப் பிள்ளை எண்ட கதையைச் சொன்னன். வாயில வந்த பொய் அது.

சின்னமாமா கடலில போனவர் எண்டு உனக்குத் தெரியும். எந்தக் கடல் எண்டு நான் சொன்னதில்லை.

1996 நத்தார் இரவு. மால்டாவுக்கும் சிசிலிக்கும் நடுவில. பெரிய கப்பலில இருந்து முன்னூறு பேருக்கு மேல ஒரு சின்ன மரப் படகுக்கு மாத்தினவை. காத்துக்குள்ள, இருட்டுக்குள்ள. அது கடலுக்குள்ள தாண்டு போச்சு. ஆகக் குறைஞ்சது 283 பேர். எங்கட பிள்ளையள், இந்தியாப் பிள்ளையள், பாகிஸ்தான் பிள்ளையள். தப்பினவையைக் கிறீசில இறக்கிவிட்டினம். அவை நடந்ததைச் சொல்ல ஆரும் நம்பேல்லை. போர்ட்டோபாலோ ஆக்களின்ர வலையில உடம்புகள் வந்ததாம், பிரச்சினை வரும் எண்டு பயந்து திரும்பக் கடலிலயே விட்டவையாம். மீன்பிடிக்கிற வீட்டில பிறந்த எனக்கு அந்தப் பயம் விளங்குது. பொறுக்கத்தான் ஏலேல்லை. பிறகு அந்த ஊர் மீனவர் ஒருத்தர் வலையில வந்த அடையாள அட்டை ஒண்டை ஒரு பத்திரிகைக்காரரிட்டக் குடுத்தவர். 17 வயசுத் தமிழ்ப் பிள்ளையின்ர அட்டை. அதால 2001இலதான் நூறு மீற்றருக்கு மேல ஆழத்தில கிடந்த படகைக் கமராவால கண்டுபிடிச்சவை.

எங்கட சின்னவன் கரையில இருந்து வெளிச்சக்கூடு மங்கும் வரைக்கும் நீந்திப் போய் வந்தவன். அதை அம்மம்மா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. நீந்தத் தெரிஞ்ச பிள்ளை எங்கையோ ஏறியிருப்பான், மறியலில இருப்பான் எண்டு.

இனி எழுதப்போறதை நான் உன்ர அப்பாவுக்கும் சொல்லேல்லை.

அவன் எனக்கு ஒருக்கா எடுத்தவன். அந்தக் கார்த்திகை. நான் அப்ப வெள்ளவத்தையில லொட்ஜில. கீழ் தெருவில இருந்த கொமினிகேசன் கடைக்கு எடுத்து, கடைக்காரர் பெடியனை அனுப்பிக் கூப்பிட்டவர். கூண்டுக்குள்ள நிண்டு கதைச்சன். எகிப்தில நிக்கிறன் அக்கா எண்டான். எத்தினையோ கிழமையாக் கப்பலில வைச்சிருக்கிறாங்கள், சாப்பாடு சரியில்லை, ஆக்கள் சரியில்லை எண்டான். "திரும்பி வரட்டோ அக்கா?" எண்டு கேட்டான். அவனுக்கு அப்ப 22 வயசு.

நான் வராத எண்டன். காணியை ஈடு வைச்சாச்சு, என்ர தாலிக்கொடியை வித்தாச்சு, வந்தால் பிடிச்சுக்கொண்டு போவாங்கள், பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு எண்டன். பிடிச்சுக்கொண்டு போவாங்கள் எண்டது உண்மைதான், அந்த நேரம் அப்பிடித்தான் இருந்தது. ஆனால் நான் முதல்ல சொன்னது காணியை. அவன் சரி அக்கா எண்டான். நிமிசத்துக்குக் காசு ஏறுது எண்டு நான்தான் முதல் வைச்சன்.

உன்ர அஞ்சாவது பிறந்தநாளுக்கு இத்தாலியில இருந்து சின்னமாமா அனுப்பினது எண்டு ஒரு நீலச் சட்டை போட்டுவிட்டன், ஞாபகம் இருக்கோ? பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சாய். அது நெல்லியடியில வாங்கினது. கழுத்துக்குப் பின்னால இருந்த துணிச் சீட்டைக் கத்தரிக்கோலால வெட்டேக்க சட்டையிலயும் சின்னக் கிழிசல் விழுந்திட்டுது, அதை நீல நூலால தைச்சன். அப்ப எனக்குத் தெரியும் அவன் இல்லை எண்டு. அம்மம்மாவுக்காகச் செய்தது எண்டு எனக்கே சொல்லிக்கொண்டன். அம்மம்மா என்னை ஒண்டும் கேட்டிடக் கூடாது எண்டதுக்காகவும்தான்.

நீ ஒருக்கா ஆளைக் காப்பாத்துற பயிற்சியைப் பற்றிச் சொன்னாய். ஆள் விழுந்திட்டார் எண்டு கத்தினவுடன ஒராள் பாயைப் பாக்க, ஒராள் சுக்கானைத் திருப்ப, இன்னொராளுக்கு வேற ஒரு வேலையுமில்லை, தண்ணியில கிடக்கிறதையே பாத்து, கண்ணை எடுக்காமல், கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிக்கவேணும் எண்டு. மிதவையைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் பழகுறது எண்டாய். உன்ர முறை வரேக்க கை நோகுது எண்டு சிரிச்சாய். நான் அதை நினைக்காத நாளில்லை. அந்த வேலையை நல்லாப் பழகு, மகள். கை நொந்தாலும் இறக்காத.

போகாத எண்டு நான் சொல்லேல்லை. பாதையை மாத்து எண்டும் சொல்லமாட்டன். ஒரு கிழமை உன்னை நினைச்சு நித்திரை வராது, அது என்ர பாடு. ஆபத்தெண்டால் ரேடியோவில 16ஆம் இலக்கத்தில எப்பிடிக் கூப்பிடுறது எண்டு இன்னொருக்காப் படி. போனை நனையாத பைக்குள்ள வை. குமட்டினால் உள்ளுக்குப் போய்ப் படுக்காத, மேல இருந்து கரையைப் பார், கொஞ்சம் இஞ்சி வைச்சிரு. பட்டியைப் பூட்டு.

போர்ட்டோபாலோவுக்கு வெளியால தெற்க போகேக்க வாத்தியாருக்கோ மற்றப் பிள்ளையளுக்கோ ஒண்டும் விளக்கம் சொல்லவேண்டாம். பூவும் போடவேண்டாம். பயணக் கொப்பியில மணித்தியாலத்துக்கு ஒருக்காக் காத்து எழுதுறனாங்கள் எண்டு சொன்னாய் எல்லோ. அந்த இடத்தில அண்டைக்கு எந்தப் பக்கத்துக் காத்து, எவ்வளவு, கடல் எப்பிடி இருந்தது எண்டு எழுதினதை மட்டும் படம் பிடிச்சு எனக்கு அனுப்பு.

அம்மா.