ரேங்கை மட்டும் பார்த்துப் பத்திரம் எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுநிலை நீட் முடிவு வந்தால் போதும், எங்கள் கணியம்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது என் கிளினிக்குக்கு வந்துவிடுவார்கள். எம்பிபிஎஸ் முடித்ததும் ராணுவ மருத்துவப் பிரிவில் குறுகிய காலப் பணியில் 5 ஆண்டு இருந்தவன் நான். பலரைப் படைக்கு அனுப்பிய கம்மவான்பேட்டை கிராமம் பக்கத்திலேயே இருப்பதால் பட்டாளம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இந்தப் பிள்ளைகள் பட்டாளத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "இந்த ரேங்குக்குப் புனே ஏ.எஃப்.எம்.சி.யில் எம்.டி. கிடைக்குமா சார்?" என்று அந்த ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

அங்கே படையில் ஏற்கெனவே பணியாற்றும் மருத்துவர்களுக்குத்தான் முன்னுரிமை. வெளியிலிருந்து போகிறவர்களின் முறை அதற்குப் பிறகுதான். படிப்பு முடிந்ததும் 5 ஆண்டு சீருடையில் பணியாற்ற ஒப்புக்கொண்டு பத்திரம் எழுதித் தர வேண்டும். உடற்தகுதியிலும் தேற வேண்டும். இந்த 5 ஆண்டைப் பெற்றோர் வட்டிக் கடன் மாதிரி, எப்படியாவது கழித்துவிடலாம் என்று பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் லடாக்கில் ஒரு பட்டாலியனுக்கு மருத்துவராக இருந்தேன். மேலே போகிற ஒவ்வொருவரும் 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரையிலான உயரத்தில் 6 நாள், பிறகு 15,000 அடி வரை 4 நாள், அதற்கும் மேலே இன்னொரு 4 நாள் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும். தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன், சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள் என்று மூச்சுத் திணறலை இரண்டு நாள் மறைத்துவிட்டான். ராத்திரி கொண்டுவந்தபோது சளி இளஞ்சிவப்பு நுரையாக வந்தது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. விடியும் வரை ஹெலிகாப்டர் வராது. காற்றை அடைத்துத் தாழ்வான இடத்தின் காற்றழுத்தத்தை உள்ளே உண்டாக்கும் பைக்குள் அவனைப் படுக்கவைத்து, நர்சிங் அசிஸ்டென்டும் நானும் மாறி மாறிக் காலால் பம்ப் அடித்தோம். பிழைத்துக்கொண்டான். நான் படித்த புத்தகத்தில் அந்த நோய்க்கு அரைப் பக்கம்கூட இல்லை.

அந்த ராத்திரியில் எனக்கு எம்.டி. பட்டம் இல்லை. இருந்திருந்தாலும் அங்கே நான் ஒருவன்தான். இதற்கு மனம் இருக்கிறதா என்பதைத்தான் பிள்ளைகள் முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த ஊரில் பணி என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. கணவனோ மனைவியோ வேறு ஊரில் வேலை பார்த்தால், அந்தக் கஷ்டத்தையும் வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது.

பயிற்சியும் வேறு மாதிரிதான். ராணுவ மருத்துவமனைக்குப் பெரும்பாலும் வீரர்கள், அவர்கள் குடும்பத்தார், முன்னாள் படைவீரர்கள்தான் வருவார்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனை வாசலில் நிற்கும் கூட்டத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. அறுவை சிகிச்சையோ மகப்பேறோ எடுப்பவர்கள், தங்கள் துறையில் மாணவருக்கு எத்தனை கேஸ் கிடைக்கிறது என்று இப்போது அங்கே படிக்கும் சீனியர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும்.

போன வாரம் ஒரு பெண் அப்பாவோடு வந்திருந்தாள். அப்பா ரேங்கையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவளோ, "அந்தக் காற்றுப் பையை எத்தனை மணி நேரம் அடித்தீர்கள் சார்?" என்றாள். அவளைத் தயங்காமல் விண்ணப்பிக்கச் சொன்னேன்.

உங்கள் கல்வி மலரில் கட்-ஆஃப் பட்டியல் தவறாமல் வருகிறது. கலந்தாய்வு தொடங்குவதற்கு முன் இந்தப் பத்திரத்தின் நிபந்தனைகளையும் தமிழில் ஒரு முறை முழுதாக வெளியிடுங்கள். கையெழுத்துப் போடும் பெற்றோரில் பலர் ஆங்கிலத்தில் அதைப் படிக்க முடியாதவர்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ மருத்துவ அலுவலர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.