ஓவிய பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

கொங்கு வட்டாரத்து அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கமுங்க.

நான் திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் டிசைன் வேலை பார்க்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய டைம்டேபிளில் வாரம் ஒரு பீரியடு ஓவியம் என்று போட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பீரியடில் கணக்குத்தான் நடக்கிறது, இல்லாவிட்டால் அறிவியல். பட்டறையில் கூட வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் வேறு வேறு பள்ளிகளில் படிக்கிறார்கள், அங்கேயும் இதே கதைதான். அதனால் ஒரு பள்ளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒன்பது, பத்து வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு பீரியடைத் திருப்பிக் கொடுங்கள், அதில் நம் ஊர்ப் பொருள்களை வைத்து வேலை செய்ய விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் சிக்கல் எனக்குப் புரியாமல் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்ததும் அந்த வகுப்புகளுக்காகத்தான். எட்டு முடிந்ததும் சட்டம் கையை விரித்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு வரை இசை, நடனம், நாடகம், ஓவியம் போன்ற காட்சிக்கலை எல்லாம் பள்ளியில் பாடமாக இருக்க வேண்டும் என்று 2005-லேயே தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு சொல்லிவிட்டது. அது காகிதத்தோடு சரி. பொதுத்தேர்வில் ஐந்து பாடம், ஓவியத்துக்கு மார்க் இல்லை. மார்க் இல்லாத பீரியடைக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள்.

'அதுதான் கலைத் திருவிழா நடத்துகிறோமே' என்பீர்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் அந்தத் திருவிழா நல்ல காரியம், எனக்கு அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் போட்டி என்று வந்தால் ஏற்கனவே நன்றாக வரைகிற இரண்டு பேர் போவார்கள், மீதி வகுப்பு கைதட்டும். ஓவியப் போட்டி என்றாலே மழைநீர் சேகரிப்பு, சாலைப் பாதுகாப்பு, மரம் வளர்ப்போம் என்றுதான் தலைப்பு வருகிறது. (உருண்டைப் பூமிக்கு எத்தனை வருடமாக அதே கண்ணீர் வடிகிறதோ!)

அப்புறம் இந்த 'புராஜெக்ட்'. ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளைக்கு ஞாபகம் வரும். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார். தெர்மாகோல், சார்ட், கலர் பிரிண்ட் அவுட், பளபளக்கும் ஜிகினாப் பேப்பர். மறுநாள் எல்லாம் ஆசிரியர் அறை மூலையில் கிடக்கும். அதில் பிள்ளையின் கை எங்கே பட்டது? காசு மட்டும் பட்டிருக்கிறது.

காசே வேண்டாத வேலைகள் நம்மைச் சுற்றிக் கிடக்கின்றன. மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது நமக்கெல்லாம் பெருமை. அந்த மஞ்சளைக் கரைத்து ஒரு படம் வரையச் சொல்லுங்கள். காய்ந்தபின் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு அதன் மேல் கோடு போட்டால், பட்ட இடம் சிவக்கும். ஆரத்தி கரைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியும், ஆனால் ஏன் சிவக்கிறது என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. காரம் பட்டால் மஞ்சளில் உள்ள குர்குமின் நிறம் மாறும். அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டி அறிவியல் பாடத்தில் வருகிறதே, அதைப் பிள்ளை தன் கையாலேயே பிடித்துப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

அதோடு நிறுத்த வேண்டாம். அதே தாளில் பாதியை அட்டையால் மூடி, ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். மூடாத பாதி வெளுத்திருக்கும். பக்கத்தில் செம்மண்ணால் ஒரு பட்டை, அடுப்புக்கரியால் ஒரு பட்டை போட்டு வைத்தால் அவை அப்படியே இருக்கும். கலர் இப்படி வெளுக்காமல் நிற்பதை எங்கள் தொழிலில் கலர் ஃபாஸ்ட்னஸ் என்போம். இதில் தேறவில்லை என்றால் துணி வாங்குகிற பையர் சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிடுவார். கோவைக்குப் பக்கத்தில் குமிட்டிபதியில் பாறை மேல் யாரோ வெள்ளையில் வரைந்த யானை இன்னும் இருக்கிறதே, அவர்கள் எதைக் கரைத்திருப்பார்கள் என்று அதன்பிறகு கேளுங்கள். பிள்ளைகள் சும்மா பதில் சொல்லமாட்டார்கள், சண்டை போட்டுக்கொண்டு சொல்வார்கள்.

ஸ்கிரீன் பிரிண்டிங் என் சொந்தத் தொழில், அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் என்றால் வலை கட்டிய சட்டம், அதன் வழியாகத்தான் கலர் துணியில் இறங்கும். இதில் ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். மூன்று கலர் மயில் வேண்டுமென்றால், படத்தை மூன்றாகப் பிரித்து யோசிக்க வேண்டும். எது முதலில் விழ வேண்டும், எதன் மேல் எது ஏறும், ஒரு நூல் தள்ளிப் போனால் என்ன ஆகும் என்றெல்லாம் பார்க்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது நல்ல வேலை. பெரிய ஏற்பாடும் தேவையில்லை. பழைய எக்ஸ்ரே பிலிமில் பிளேடால் வெட்டிய ஸ்டென்சில், ஸ்பாஞ்சு, பெயிண்ட் இருந்தால் தொடங்கிவிடலாம். துணிக்குப் பனியன் வேஸ்ட் இருக்கவே இருக்கிறது. திருப்பூரில் அது கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பவானி, அந்தியூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய ஜமக்காளம் பக்கத்திலேயே நெய்யப்படுகிறது. ஒரு காலை நேரம் தறிக்கூடத்தில் உட்காரவைத்து, வந்து கிராப் தாளில் ஆளுக்கு ஒரு பட்டை டிசைன் போடச் சொன்னால் போதும். பட்டைகளின் அகலம், விகிதம், கலர் வரிசை எல்லாம் அதில் வரும். பீரியடு போன வருத்தத்தில் இருக்கும் கணக்கு வாத்தியாரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு ரொம்ப நாள் ஆசை ஒன்று உண்டு. நொய்யலை ஒரே படமாக ஒரு வகுப்பே சேர்ந்து வரைய வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி, பேரூர், சூலூர்க் குளம், திருப்பூர், அந்தக் காலத்தில் கல்மணி செய்தவர்கள் வாழ்ந்த கொடுமணல், ஒரத்துப்பாளையம் அணை, கடைசியில் காவிரியில் சேரும் இடம் என்று ஆளுக்கு ஓரிடம். வரைவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரவேண்டும்: ஆற்றில் குளித்திருக்கிறீர்களா, தண்ணீர் எப்போது நிறம் மாறியது? சாயக்கழிவுப் பிரச்சினையில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? சாயப்பட்டறைக் கூலியில் வளர்ந்த வீடும் இருக்கும், சாயக்கழிவு தேங்கிய அணைத் தண்ணீரால் தோட்டம் போன வீடும் இருக்கும். இரண்டும் அதே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வரட்டும். ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இதற்கு முதல் பரிசு, இரண்டாம் பரிசும் தயவுசெய்து வேண்டாம். எல்லாத் தாள்களையும் ஒட்டி வராந்தாவில் மாட்டுங்கள்.

பாட்டும் ஆட்டமும் பிடித்த பிள்ளைகளுக்கு வள்ளி கும்மி இருக்கிறது. 2024-ல் பத்மஸ்ரீ வாங்கிய மேட்டுப்பாளையத்துப் பத்திரப்பன் ஐயா பெண்களையும் சேர்த்து ஆடவைத்தவர். உங்கள் ஊரிலும் சொல்லித்தர ஒரு கும்மிக் குழு இருக்கும்.

'இதெல்லாம் சோறு போடுமா?' என்று பெற்றோர் கேட்பார்கள். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. பனியனின் நெஞ்சில் இருக்கும் படத்தை யாரோ ஒருவர் வரைந்துதானே ஆகவேண்டும்? ஆனால் முறையாகப் படிக்க அரசு கவின்கலைக் கல்லூரி வேண்டுமென்றால் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோதான் போக வேண்டும், நம் பக்கம் கிடையாது. பத்தாம் வகுப்பிலும் கைவிட்டால், அப்படி ஒரு படிப்பு இருப்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போகும். எல்லாரும் டிசைனர் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோவை அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது, ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினால்கூடப் போதும்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். ஒன்பது, பத்து வகுப்புகளின் ஓவிய பீரியடை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது, தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் விலக்கு. பருவத்துக்கு ஒரு வேலை, அதுவும் பள்ளி நேரத்திலேயே, பிள்ளைகளைக் கடைக்கு ஓடவைக்காமல். ஆறு முதல் எட்டு வரை எடுக்கும் ஓவிய ஆசிரியர் பள்ளியில் இருந்தால் இந்த ஒரு பீரியடையும் அவரிடமே கேட்டுப் பாருங்கள், கூடுதல் வேலைக்கு ஏதாவது வழி செய்துகொடுங்கள். இல்லாவிட்டால் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் தறி தெரிந்தவர், தையல் தெரிந்தவர், போர்டு எழுதுகிறவர் யாரென்று விசாரித்தாலே ஆள் கிடைத்துவிடும்.

எங்கள் பட்டறையில் வலை கிழிந்த பழைய ஸ்கிரீன் பிரேம்கள் பரண்மேல் அடுக்கிக் கிடக்கின்றன. எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை லீவுதான், ஆள் அனுப்பினால் எடுத்துக் கொடுக்கிறோம். புது வலை கட்டுவது எப்படி என்று பிள்ளைகளுக்கு நானே வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் தகப்பன், திருப்பூர்