சிப்கோவின் முதல் கோரிக்கை ‘மரம் கொடுங்கள்’ என்பதுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

மரங்களைக் கட்டிக்கொண்டு வெட்டவிடாமல் தடுத்த இமயமலை மக்களின் சிப்கோ போராட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ரேணி கிராமத்துப் பெண்களில் ஆரம்பித்து அவர்களோடேயே முடித்துவிட்டீர்கள். அதற்கு முந்தைய வருடம் நடந்ததை விட்டுவிட்டால் அந்த மக்கள் எதற்காகப் போராடினார்கள் என்பதே மாறிப்போகிறது.

இன்றைய உத்தராகண்ட் மாநிலத்துச் சமோலி மாவட்டம் கோபேஷ்வரில் சண்டி பிரசாத் பட்டும் நண்பர்களும் 1964ல் தசோலி கிராம சுயராஜ்ய சங்கத்தைத் தொடங்கினார்கள். பிழைப்புக்காக மலையை விட்டு இறங்கிப் போகிறவர்களுக்கு ஊரிலேயே வேலை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். சின்னதாகப் பட்டறை போட்டு விவசாயக் கருவிகள் செய்தார்கள். அந்தப் பக்கத்தில் ஏருக்கும் நுகத்தடிக்கும் ஆஷ் மரம்தான் தோது, கனம் இருக்காது, லேசில் முறியவும் முறியாது. அதில் சில மரங்களைக் கேட்டபோது வனத்துறை முடியாது என்றது. அப்புறம் பார்த்தால் அதே மரத்தை அலகாபாத்தில் விளையாட்டுச் சாமான் செய்யும் சைமண்ட்ஸ் கம்பெனிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். உழுகிறவனுக்குக் கிடையாது, டென்னிஸ் மட்டைக்கு உண்டு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அதுவும் 1970ல் அலக்நந்தா ஆற்று வெள்ளத்தில் வீடும் நிலமும் போனதைப் பார்த்த மக்கள், மேலே காடு மொட்டையானதால் வந்த வினை இது என்று பேசிக்கொண்டிருந்த நேரம். மரத்தைக் கட்டிக்கொள்வோம் என்ற யோசனை அப்போது பிறந்ததுதான். 1973 ஏப்ரலில் மண்டல் கிராமத்தில் மேளம் அடித்துக்கொண்டு ஊர் திரண்டது, கம்பெனி ஆட்கள் வெட்டாமலே திரும்பினார்கள்.

ரேணி அதற்குப் பிறகு, 1974 மார்ச் 26. ராணுவத்துக்கு எடுத்த நிலத்துக்கு இழப்பீடு தருகிறோம் என்று ஆண்களைச் சமோலிக்கு வரச்சொல்லிவிட்டு அன்றைக்கே மரம் வெட்ட ஆட்களை அனுப்பினார்கள். கௌரா தேவியும் இருபத்தேழு பெண்களும் குறுக்கே போய் நின்றார்கள், இந்தக் காடு எங்கள் தாய்வீடு என்றார்கள். தாய்வீடு என்றால் விறகும் புல்லும் மூலிகையும் உரிமையோடு எடுத்துவருகிற இடம், தூரத்தில் நின்று கும்பிடுகிற இடமில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1982ல் நந்தா தேவி தேசியப் பூங்கா வந்ததும், அதே ரேணிக்காரர்களும் பக்கத்து லாதா ஊர்க்காரர்களும் காலங்காலமாக ஆடு மேய்த்த புல்வெளிகள் அவர்களுக்கு மூடப்பட்டன, மலையேற வருகிறவர்களை நம்பியிருந்த வருமானமும் போயிற்று. காட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களையே காட்டுக்குள் வராதே என்று சொன்ன இந்த அநியாயத்தைப் பற்றியும் உங்கள் இதழ் எழுத வேண்டும்.

ஒரு வாசகி,
தேனி