என் தம்பியின் குதிகாலை நினைவில் வைத்திருந்தவருக்கு

போதையிலிருந்து மீளும் சிகிச்சைக்காகக் காட்டுக்குள் எழுபது நாட்கள் என் தம்பியோடு நடந்த எல்லோருக்கும் வணக்கம்.

அவன் வீட்டுக்கு வந்து இன்றோடு பதினோரு நாட்கள் ஆகின்றன. முதல் நாளே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். அழுகைதான் வந்தது, எழுத்து வரவில்லை. இன்றைக்கும் அது முழுதாக நின்றபாடில்லை; ஆனாலும் மனம் ஆறிய பிறகு எழுதினால் சம்பிரதாயமாகிவிடும் என்று பயந்து இப்போதே எழுதிவிடுகிறேன். என்ன நடந்தது என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடியும் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

உங்கள் வழிகாட்டிகளில் ஒருவரைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் பெயரில்லாமல், இனி அவரிடமே பேசுகிறேன்.

இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் சோதனை போடுகிறவள் நான்தான். சட்டைப்பை, புத்தகப்பை, தலையணை உறை, செல்போன், ஒன்றையும் விட்டதில்லை. அவன் வாசலில் நுழைந்தால் முதலில் போதையில் கண்மணி சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்ப்பேன். தலைவலி என்றால் நம்பியதில்லை. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்த்த பிறகும் நம்பியதில்லை. அத்தனை பொய்களுக்கு நடுவே இருந்த உண்மைகளைப் பிரித்தெடுக்க எனக்குப் பொறுமை இல்லாமல் போய்விட்டது.

அவனை அனுப்புவதற்கு முன்பு, இப்படிப்பட்ட சிகிச்சையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 2007ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, இளைஞர்களுக்கான தனியார் சிகிச்சைத் திட்டங்களில் 1990 முதல் 2004 வரை நடந்த பத்து மரணங்களை எடுத்து ஆராய்ந்தது. வெயிலிலும் தாகத்திலும் தள்ளாடி விழுந்த பிள்ளைகளை, நடிக்கிறார்கள் என்று நினைத்து ஊழியர்கள் விட்டுவிட்ட கதைகள் அதில் இருக்கின்றன. அந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. "நடிக்கிறான்" என்பது எங்கள் வீட்டில் தினமும் நான் சொன்ன வார்த்தை. அந்த ஊழியர்களின் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அந்தப் பயத்தோடுதான் அனுப்பினேன். இரண்டாவது வாரம் அவனுடைய முதல் கடிதம் வந்தது.

"அக்கா, மூன்றாம் நாள் ஏற்றத்தில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன். வலிக்கவில்லை. நடக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தான். நீங்கள் மொத்தக் குழுவையும் நிறுத்தினீர்களாம். முதுகுப்பையை இறக்கிவைத்துவிட்டு அவன் முன்னால் மண்டியிட்டு, ஷூ கயிற்றைத் தளர்த்தி, காலுறையை உருவினீர்களாம். விரல் இடுக்குகளைத் துடைத்து, குதிகாலை வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தீர்களாம். "சிவக்கவில்லை. ஈரமாக இருக்கிறது, வேறு காலுறை போட்டுக்கொள். மறுபடி வலித்தால் உடனே சொல்" என்று சொல்லிவிட்டு, ஈரக் காலுறையை அவனுடைய பையின் வெளிப்பக்கம் காயக் கட்டிவிட்டீர்களாம். பொய் என்ற பேச்சே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து இடது குதிகால் உண்மையிலேயே எரிந்திருக்கிறது. ஏற்கெனவே பொய் சொன்னவன் என்ற கூச்சத்தில் அரை மணி நேரம் சொல்லாமலே நடந்திருக்கிறான். பிறகு சொன்னான். நீங்கள் அதேபோல நின்றீர்கள், அதேபோல மண்டியிட்டீர்கள். "கொப்புளம் வருவதற்கு முன்னால் அந்த இடம் சூடாகும். அப்போதே சொல்லிவிட்டால் ஒரு பிளாஸ்திரி போதும். சொல்லாமல் நடந்தால் நாலு நாள் நடக்க முடியாது" என்றீர்கள்.

எட்டு நாள் பணி, ஆறு நாள் ஓய்வு என்பது உங்கள் முறை. அந்த முறை முடிந்து நீங்கள் போனீர்கள். ஆறு நாள் கழித்துத் திரும்பி வந்து, பையைக்கூட இறக்காமல் அவனைப் பார்த்துக் கேட்டீர்கள்: "இடது குதிகால் எப்படி இருக்கிறது?"

"லீவில் அவருக்கு எத்தனையோ வேலை இருந்திருக்கும். என் குதிகால் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது அக்கா" என்று எழுதியிருந்தான். அந்த வரியை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்றாவது முறை அம்மாவே கடிதத்தை வாங்கிப் படித்தார்.

கடைசி வாரக் குடும்பச் சந்திப்பில் உங்களைத் தனியாக அழைத்து, முதல் தடவை அவன் கால் வலி என்று சொன்னது பொய் என்று தெரியுமா என்று கேட்டேன். "தெரிந்தது. அவனுக்குக் கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது. நின்ற நேரத்தில் காலையும் பார்த்துவிட்டேன்" என்றீர்கள். நான் பதில் சொல்லாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும். அந்த நேரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது.

எல்லாமே எனக்கு உவப்பாக இருந்தது என்று சொல்லமாட்டேன். முதல் வாரங்களில் யாரும் ஓடிவிடக் கூடாதென்று இரவில் ஷூக்களை வாங்கி வைத்தீர்கள். கேட்டபோது எனக்கு உறுத்தியது, இன்றும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் ஷூவை வாங்கும் ஒவ்வொரு இரவும் அதற்கு முன்னால் எட்டுப் பேருடைய பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் வாங்கினீர்கள் என்று தம்பி சொன்னான்.

உறவினர்கள் காட்டுக் காற்று அவனைக் குணமாக்கியது என்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் என்னால் தலையாட்ட முடியவில்லை. அந்த அறிக்கையில் வருகிற பிள்ளைகளில் பலரும் காட்டில்தான் இருந்தார்கள். அங்கேயும் காற்று இருந்தது, நட்சத்திரம் இருந்தது. வலிக்கிறது என்று சொன்னபோது குனிந்து பார்க்க ஆள் இல்லை.

மற்றவர்களுக்கும் நன்றி. உடல் நடுக்கம் அடங்கும்வரை மருத்துவமனையில் வைத்திருந்து, அது அடங்கிய பிறகுதான் காட்டுக்கு அனுப்பலாம் என்று பிடிவாதமாக நின்ற மருத்துவருக்கும் செவிலியருக்கும். வாரந்தோறும் மலையேறி வந்து பாறையில் உட்கார்ந்து அவனோடு பேசி, எங்கள் கடிதங்களைக் கொடுத்து அவனுடையதை வாங்கி வந்த உளவியலாளருக்கு. வில்லால் சுழற்றும் தீக்கடைகோலில் கங்கு பிடிக்க அவன் பத்தொன்பது நாட்கள் தோற்றபோதும் அவன் கையிலிருந்து வில்லை வாங்காத இன்னொரு வழிகாட்டிக்கு. அந்தக் காய்ப்பு இன்னும் அவன் உள்ளங்கையில் இருக்கிறது. காட்டில் அவன் தனியாகத் தங்கிய நாட்களில் அவன் கண்ணில் படாமல், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு. நள்ளிரவில் ஆளனுப்பி அவனைத் தூக்கிவரலாம் என்று வேறோரிடத்தில் சொன்னதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "அவன் தன் காலால் நடந்து வரட்டும், காத்திருக்கிறோம்" என்று தொலைபேசியில் சொன்னவருக்கு. அவனோடு நடந்த ஏழு பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்.

இனி வரும் நாட்கள் எளிதல்ல என்று நீங்களே சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். இத்தனை வாரம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது என்பதை வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்டோம். போதை அளவு மீறி மூச்சு அடங்கினால் மீட்பதற்காக மூக்கில் அடிக்கும் நலோக்சோன் மருந்து கூடத்து அலமாரியில் இருக்கிறது. அப்பாவும் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார். அதை ஒளித்துவைக்கவில்லை.

எங்களுக்குள் இப்போது ஒரு சொல் இருக்கிறது. நாலு நாட்களுக்கு முன்பு இரவு இரண்டு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டி, "அக்கா, சூடாகிறது" என்றான். நான் அவன் கண்மணியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு இருவரும் தெருவில் நடந்தோம். விடியும் நேரத்தில் தூக்கம் வருகிறது என்றான், வந்து படுத்தான். எந்த நேரத்தில் அந்தச் சொல்லைச் சொன்னாலும், அது பொய்யாகவே இருந்தாலும், நான் நிற்பேன். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இதை எழுதித் தருகிறேன்.

நேற்று இந்த மடலை அவனிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எங்கள் காலையெல்லாம் அவர் பார்த்தார், அவர் காலை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டான்.

உங்கள் அலுவலக முகவரிக்கு ஒரு பார்சல் வரும். கம்பளிக் காலுறைகள். உங்கள் அளவு அவனுக்குத் தெரியவில்லை, அதனால் மூன்று அளவுகளில் வாங்கியிருக்கிறான்.

நன்றியுடன்,
அவன் அக்கா