ஆறு ஏக்கரை விழுங்கிய ஜெராக்ஸ்

பழைய நில அளவைப் படங்களைக் காத்துவரும் நூலகர்களுக்கும் ஆவணக் காப்பகத்தாருக்கும்,

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவருடைய வாசிப்பு அறையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் நல்லவர்கள், குறை அவர்கள் கையில் இருக்கும் விதிகளில்தான். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர். அதன் பழைய கிராம வரைபடம் எனக்கு வேண்டியிருந்தது. ஏரிக்கரை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கல் எந்த மூலையில் இருந்தது, வரத்துக் கால்வாய் எந்தெந்தப் புல எண்ணைத் தொட்டு வந்தது, இவ்வளவுதான் கேள்வி.

தேடவே இரண்டு நாள் போனது. அட்டவணையில் இருந்தது ஒரே வரி: 'செங்கல்பட்டு ஜில்லா, வரைபடங்கள், பலவகை, ஒரு கட்டு'. எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை தாள், ஒன்றும் இல்லை. சரி, ஊர்ப் பெயரை வைத்துத் தேடலாம் என்றால் அதிலும் சிக்கல். 1997இல் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. எங்கள் ஊர் காஞ்சிபுரத்துக்குப் போனது. 2019இல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானதும் திரும்பி வந்தது. ஊர் நகரவே இல்லை, முகவரிதான் நகர்ந்தது. இதற்கு நடுவே வட்டமும் மாறியிருக்கிறது; வெள்ளைக்காரர் எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டலில் எங்கள் ஊரை நானே முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் நாள் படம் கிடைத்தது. துணி ஒட்டிய தாள், நான்காக மடித்தது. விரித்தால் மேசையைத் தாண்டித் தொங்கியது. ஏரிக்குப் பூசிய நீலம் சாம்பலாக வெளுத்திருந்தது. கலங்கல் இருக்கும் இடம் சரியாக மடிப்பில் விழுந்து, தாள் அங்கே ஊசிக்கண் அளவுக்குக் கிழிந்திருந்தது. மூன்று ஊர் எல்லைகள் கூடும் இடத்தில் நட்ட முச்சந்திக் கல் ஒவ்வொன்றும் குறித்திருந்தது. அடியில், 16 அங்குலம் ஒரு மைல். அதாவது ஒரு அங்குலத்துக்கு 330 அடி, 66 அடிச் சங்கிலிக் கணக்கில் சரியாக ஐந்து சங்கிலி. அளந்தவர்கள் வெயிலில் இழுத்த சங்கிலி அந்தத் தாளில் அப்படியே கிடக்கிறது.

போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாது. நகல்? "ஏ4 மெஷின்தான் சார் இருக்கு, துண்டு துண்டா எடுத்துத் தரோம்." எண்ணிப் பார்த்தால் பதினாறு துண்டு. அப்புறம் அவரே பரிதாபப்பட்டு ஒரு வழி சொன்னார்: "பட்டர் பேப்பர் வாங்கிட்டு வாங்க, மேல வெச்சு டிரேஸ் பண்ணிக்கலாம், அதுக்குத் தடை இல்ல."

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஃபிளாஷ் இல்லாத கேமரா தாளைத் தொடுவதே இல்லை. அது கூடாது. நூறு வருஷத் தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து, மூடியால் அமுக்கி, பதினாறு முறை திருப்பலாம். அதன் மேல் பென்சிலை அழுத்திக் கோடு இழுக்கலாம். பாதுகாப்புக்காக என்று வைத்த விதி, படத்தைக் கெடுக்கும் வழிகளை மட்டும் திறந்து வைத்திருக்கிறது.

ஜெராக்ஸை வாங்கி வந்து ஒட்டிப் பார்த்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. தாளுக்குள் அடங்கட்டும் என்று மெஷின் தானாகவே 97 சதவீதமாகச் சுருக்கியிருக்கிறது. நீளத்தில் மூன்று சதவீதம் போனால் பரப்பில் ஏறக்குறைய ஆறு சதவீதம் போகும். 100 ஏக்கர் ஏரி 94 ஏக்கர். ஆறு ஏக்கரை யாரும் மண் கொட்டித் தூர்க்கவில்லை, ஜெராக்ஸ் மெஷினே ஆக்கிரமித்துவிட்டது! ஆனால் அடியில் '16 அங்குலம் ஒரு மைல்' என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த நகலை யாராவது தாசில்தாரிடம் கொண்டுபோய் நீட்டினால் என்ன ஆகும்?

1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே, பெரிய நில அளவைக்கு அடிப்படையாக ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்த ஆங்கிலேய அளவையாளர் லாம்டன், வெயிலில் எஃகுச் சங்கிலி நீளுமே என்று அதை மரப்பெட்டிக்குள் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்துக் கணக்கைத் திருத்தியவர். அந்த அக்கறையில் நூற்றில் ஒரு பங்கு போதும்: நகல் எடுக்கும்போது படத்தின் ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்துச் சேர்த்து எடுங்கள். பிறகு எவ்வளவு சுருங்கினாலும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உரிமைச் சிக்கல் என்று ஒரு பயமும் இருக்கிறது போலும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, அரசு வெளியீட்டுக்குக் காப்பு 60 ஆண்டுதான். என் கையில் இருந்த படம் அதைத் தாண்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நாட்டின் பாதுகாப்பு என்றால், வரைபடக் கட்டுப்பாடுகளை மத்திய அரசே 2021 பிப்ரவரியில் வெகுவாகத் தளர்த்திவிட்டது. ஒரு கிராமத்து ஏரியின் மதகில் என்ன ரகசியம்? ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் பழைய அளவைப் படங்களை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தி, வீட்டிலிருந்தே பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் நான் கேட்கவில்லை. பெரிய ஸ்கேனர் வரும்வரை, ஃபிளாஷ் இல்லாமல், உங்கள் ஊழியர் கண்முன்னே போனில் எடுக்க விடுங்கள். கட்டணம் வையுங்கள், தருகிறோம்.

சென்னையில் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில்தான் தியாகராய நகர் எழுந்தது. அங்கே ஏரிக்கு மிஞ்சியது மேற்கு மாம்பலத்தில் ஒரு லேக் வியூ ரோடு. எங்கள் ஊர் ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. அதனால்தான் இந்த அவசரம்.

அந்தக் கட்டில் எங்கள் ஊரோடு இன்னும் முப்பத்தொரு ஊர்களின் படங்கள் இருந்தன. பெயர்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: தாளில் உள்ள எழுத்துக்கூட்டல், பழைய வட்டம், இன்றைய வட்டம், தாள் கிழிந்திருக்கிறதா என்பது வரை. அடுத்த முறை வரும்போது இரண்டு பிரதி கொண்டுவருகிறேன். ஒன்றைக் கட்டின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஊர் ஏரியைத் தேடி வந்த ஒரு வாசகன்